நெய்ச் சட்டியும் மேய்ச்சல் தரையும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் நெய்ச்சோறு பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதி சமையல், பாதி காணி. சமையலை இந்த இதழிலும் காணியை அடுத்த இதழிலும் போடலாம் என்றார் ஆசிரியர். நான் ஒத்துக்கொள்ளவில்லை, ஏன் என்று வாசித்துக்கொண்டு போனால் உங்களுக்கே விளங்கும். பலர் பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் எல்லாருக்கும் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி (உப்புவெளி): அக்கா, என் மகன் வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு சோயா, சூரியகாந்தி மாதிரி விதை எண்ணெய் எல்லாம் நஞ்சு, மாட்டுக் கொழுப்பிலும் நெய்யிலும்தான் சமைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். எங்கள் வீட்டில் தேங்காயெண்ணெய்தான். மாற வேண்டுமா?

பதில்: வேண்டாம். அது அமெரிக்காக்காரரின் வீட்டுச் சண்டை, நாம் நடுவில் போய் நிற்கத் தேவையில்லை. அங்கே மக்டொனால்ட்ஸ் உருளைக்கிழங்கை மாட்டுக் கொழுப்பு கலந்துதான் பொரித்துக்கொண்டிருந்தது, 1990இல் தாவர எண்ணெய்க்கு மாறியது, பழைய ருசி போய்விட்டது என்று ஒரு கூட்டமும் சோயா எண்ணெயால்தான் சகல நோயும் என்று இன்னொரு கூட்டமும் இன்றைக்கும் கத்திக்கொண்டிருக்கின்றன. நம்முடைய அடுப்படியில் சோயா எண்ணெய் எங்கே இருக்கிறது? தேங்காயெண்ணெய் இருக்கிறது, கடைப் பொரியலில் பாமாயில் இருக்கிறது, நல்லெண்ணெய் கொஞ்சம். அவ்வளவுதான்.

மகன் கொழுப்பின் விஞ்ஞானம் பேசினால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். நிரம்பிய கொழுப்பு என்று வைத்தியர் எச்சரிப்பது மாட்டுக் கொழுப்பில் ஏறக்குறைய பாதி, பன்றிக் கொழுப்பில் நூற்றுக்கு 40 அளவில், நெய்யில் 60க்கு மேல், தேங்காயெண்ணெயில் 80க்கும் மேல். அதாவது அவன் எதை மீட்டுக்கொண்டு வர வேண்டும் என்கிறானோ அதைவிடக் கூடுதலாகவே நம்முடைய தாளிதத்தில் ஏற்கெனவே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் நாளாந்தச் சக்தியில் பத்து வீதத்துக்கு மேல் நிரம்பிய கொழுப்பிலிருந்து வரக்கூடாது என்கிறது, 2000 கலோரி சாப்பிடும் ஆளுக்கு அது 22 கிராம். ஒரு மேசைக்கரண்டி நெய்யிலேயே எட்டு ஒன்பது கிராம் போய்விடும். ஆகவே நெய்யா தேங்காயெண்ணெயா என்பதைவிட எத்தனை கரண்டி என்பதுதான் கேள்வி. பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதை நிறுத்துவதில் அவன் அந்தப் பிடிவாதத்தைக் காட்டினால் வீட்டுக்கு நல்லது.

கேள்வி (கிண்ணியா): நாங்கள் எருமைத் தயிர் போட்டு விற்கிறோம். மிஞ்சிப் புளித்த சட்டிகளில் நெய் எடுத்தால் சில நேரம் கருகல் மணம், சில நேரம் மணல் மணலாக வருகிறது. அதோடு நெய் வெள்ளையாக இருப்பதால், கடை டின் நெய் மஞ்சளாக இருக்கிறதே, இது கலப்படமா என்று கேட்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: கிண்ணியாவில் இருந்துகொண்டு தயிரைப் பற்றி என்னிடம் கேட்கிறீர்களே தங்கச்சி! சரி, நிறத்திலிருந்து தொடங்குவோம், உங்களுக்கு அதுதானே காசு விஷயம். பசு, புல்லில் உள்ள மஞ்சள் நிறச்சத்தில் ஒரு பங்கை அப்படியே பாலுக்குள் விட்டுவிடும். எருமை அதை விற்றமின் ஏ ஆக மாற்றித்தான் பாலுக்கு அனுப்பும், அதற்கு நிறமில்லை. அதனால் எருமை நெய் வெள்ளையாகத்தான் இருக்கும், இருக்க வேண்டும். எருமை நெய் என்று சொல்லி யாராவது மஞ்சளாக விற்றால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். இதை ஒரு கடதாசியில் எழுதிப் போத்தலில் ஒட்டிவிடுங்கள், மஞ்சள் தூள் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

மணல் மணலாக வருவது குறையே அல்ல. உருக்கிய நெய் மெதுவாக ஆறும்போது கொழுப்பு பரல் பரலாகத்தான் உறையும். சந்தையில் அதைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வழவழவென்று வேண்டுமென்றால் கெதியாக ஆற வையுங்கள்.

கருகல் மணம்தான் உண்மையான பிரச்சினை, அதற்கு இரண்டு காரணம் இருக்கும். ஒன்று, வெண்ணெயைச் சரியாகக் கழுவாதது. புளித்த தயிரை விடியற்காலையில் கடையுங்கள், திருகோணமலை வெயிலில் பத்து மணிக்கு மத்தைப் பிடித்தால் வெண்ணெய் திரளாமல் இளகி மோரோடேயே கிடக்கும், கொஞ்சம் ஐஸ் தண்ணீர் விட்டால் சட்டென்று திரளும். திரண்ட வெண்ணெயைத் தண்ணீரில் போட்டுப் பிசைந்து, தண்ணீரை மாற்றி, கழுவிய தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவ வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டியிருக்கும் மோர் அடியில் பிடித்துத் தீயும். இரண்டாவது, இறக்கும் நேரம். மெல்லிய நெருப்பில் முதலில் நுரைத்துச் சடசடக்கும், அது தண்ணீர் போகிற சத்தம். சத்தம் அடங்கி, நுரை சின்னதாகி, அடியில் உள்ள மண்டி வெள்ளையிலிருந்து இளம் பழுப்புக்கு வரும்போது ஒரு பிடி முருங்கை இலை போடுங்கள், இலை மொறுமொறுத்ததும் இறக்கிவிடுங்கள். இன்னும் கொஞ்சம் சிவக்கட்டும் என்று நிற்கக்கூடாது. இறக்கிய பிறகும் சட்டிச் சூட்டில் மண்டி சிவந்துகொண்டேதான் இருக்கும். வடித்து, ஈரமில்லாத போத்தலில், வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். ஈரக் கரண்டி போட்டால் கெட்டுவிடும், அதற்கு நான் பொறுப்பில்லை.

விலைக்கு ஒரு அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள். எருமைப் பாலில் கொழுப்பு நூற்றுக்கு ஏழு அளவில், ஆகவே ஒரு கிலோ நெய்க்கு 15 லீற்றர் பால் எண்ணிக்கொள்ளலாம். பசும்பால் என்றால் 25 லீற்றர் வரை போகும். கொழுப்பெடுத்த பாலை வேறாக விற்கும் பெரிய ஆலைகள் கொஞ்சம் மலிவாகக் கொடுக்கலாம், அது சரி. ஆனால் தெருவில் வண்டியில் வருகிறவர் அந்தப் பால் விலையில் பாதிக்கும் குறைவாக 'சுத்தமான நெய்' தந்தால் உள்ளே இருப்பது வனஸ்பதியோ பாமாயிலோதான். இணையத்தில் வரும் உள்ளங்கையில் உருகவிடுகிற சோதனை, குளிர்சாதனப் பெட்டிச் சோதனை எல்லாவற்றையும்விட இந்தக் கூட்டல் கழித்தல் நம்பகமானது.

கேள்வி (மூதூர்): ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் கொடுத்தால் இறைச்சி பங்கிட்டுப் போய்விடும், கொழுப்பை யாரும் கேட்பதில்லை, குழி தோண்டிப் புதைக்கிறோம். அதை உருக்கிச் சமையலுக்கு எடுக்கலாமா? எப்படி?

பதில்: தம்பி, என் வீட்டில் மாட்டிறைச்சி சமைப்பதில்லை, ஆனால் இந்தக் கேள்விக்கு மூதூரில் பல வருடம் பெருநாள் சமைத்த ஒரு மூத்தம்மாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். எல்லாக் கொழுப்பும் ஒன்றல்ல. குண்டிக்காயை, அதாவது சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் வெள்ளைக் கட்டிக் கொழுப்புதான் முதல் தரம், மணம் குறைவு, கட்டியாக உறையும். இறைச்சியோடு ஒட்டிய கொழுப்பில் சதையும் இரத்தமும் இருக்கும், கழுவி வெட்டியெறிய வேண்டும், அதை வேறாக உருக்குங்கள்.

சின்னத் துண்டாக வெட்டி, அடி பிடிக்காமல் இருக்க அரைக் கோப்பை தண்ணீர் விட்டு, மெல்லிய நெருப்பில் ஒரு மணி நேரமாவது வையுங்கள். தண்ணீர் வற்றி, துண்டுகள் சுருங்கிப் பழுப்பாகி மிதக்கும். துணியில் வடித்து ஆறவிட்டால் வெள்ளை மெழுகுபோல உறையும். சக்கையை உப்பும் மிளகும் தூவிச் சாப்பிடுவார்களாம், முடிந்ததும் அதற்குத்தான் வீட்டில் சண்டை வரும் என்று மூத்தம்மா சொல்லிச் சிரித்தார்.

எதற்குப் பாவிப்பது? கிழங்கு பொரிக்க, ரொட்டி மாவுக்குள் கொஞ்சம் போட, மாட்டிறைச்சி ஆணத்துக்கு வெங்காயம் வதக்க. நெய்ச்சோற்றுக்கும் இனிப்புக்கும் வேண்டாம். மாட்டுக் கொழுப்பு 40 பாகைக்கு மேல்தான் நன்றாக இளகும், நம் வாயின் சூடு 37. சோறு ஆறினால் அண்ணத்தில் மெழுகாகப் படியும், ஆட்டுக் கொழுப்பு இன்னும் மோசம். அதனால்தான் கொழுப்பில் சமைத்ததைச் சுடச்சுடச் சாப்பிடச் சொல்வது. தேங்காயெண்ணெய்க்கு இந்தத் தொல்லை இல்லை, 24 பாகையிலேயே உருகிவிடும், நுவரெலியாவில் காலையில் கட்டியாக நிற்பது இங்கே எப்போதும் தண்ணீராகவே இருக்கும்.

ஒன்று, குர்பான் பிராணியின் எந்தப் பாகத்தையும் விற்கக்கூடாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உருக்கிச் சின்னப் போத்தல்களில் அடைத்து அயலுக்குக் கொடுக்கலாமே. மண்ணுக்குள் புதைக்கிற கொழுப்பை நாய் தோண்டும், அதைவிட இது நல்லது.

கேள்வி (நிலாவெளி): நான் சுத்த சைவம். பிஸ்கட் பைக்கற்றில் 'ஈ 471' என்று போட்டிருக்கிறது. அதில் மிருகக் கொழுப்பு இருக்கிறதா?

பதில்: இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அது எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் வைக்கிற ஒரு கொழுப்புப் பொருள். தாவர எண்ணெயிலும் செய்யலாம், மிருகக் கொழுப்பிலும் செய்யலாம், இலக்கத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. பைக்கற்றில் சைவக் குறியீடு இருந்தால் வாங்குங்கள். ஹலால் முத்திரை இருந்தால் பன்றிக் கொழுப்பு இல்லை என்பது நிச்சயம், மாட்டுக் கொழுப்பு இல்லை என்பது நிச்சயமில்லை. மாஜரினைச் சைவம் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவர்களுக்கு இன்னொரு செய்தி: 1869இல் பிரான்சில் மேஜ் மூரியே என்பவர் அதை முதலில் செய்ததே மாட்டுக் கொழுப்பில்தான். இன்றைக்கு வருவது பெரும்பாலும் பாமாயில், இருந்தாலும் லேபலை வாசியுங்கள்.

கேள்வி (தம்பலகாமம்): எனக்கு வீதியோரமாக இரண்டு ஏக்கர் வயல். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். மண் போட்டு நிரப்பி வீட்டுக் காணியாகத் துண்டு போட்டு விற்றால் நல்ல விலை என்று ஒருவர் வந்து நிற்கிறார். சட்டச் சிக்கல் ஏதும் இல்லை என்கிறார். உண்மையா?

பதில்: ஐயா, சிக்கல் இல்லை என்று சொல்கிறவருக்குச் சிக்கல் இல்லைத்தான், காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி நெற்காணியை நிரப்பவோ நெல் தவிர்ந்த வேறு தேவைக்கு மாற்றவோ கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். உங்கள் சொந்த உறுதிக் காணியாக இருந்தாலும் இது பொருந்தும். கிராம உத்தியோகத்தர் வாயால் சொன்ன சம்மதமோ பிரதேச சபையின் கட்டட அனுமதியோ இதற்குப் பதிலாகாது. அதுவே அரசாங்கத்தின் அனுமதிப்பத்திரக் காணி, அளிப்புப் பத்திரக் காணி என்றால் பிரதேச செயலாளரின் அனுமதியில்லாமல் கைமாற்றவே முடியாது, துண்டு போடவும் கட்டுப்பாடு இருக்கிறது. முதலில் உங்கள் கமநல சேவை நிலையத்துக்குப் போய் இடாப்பில் உங்கள் காணி எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். அதைப் பார்க்காமல் முற்பணம் வாங்காதீர்கள்.

சட்டத்தை விட்டுவிட்டுப் பேசினாலும் எனக்கு இது பிடிக்கவில்லை, சொல்லிவிடுகிறேன். தம்பலகாமம் வயல் கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் விளைகிற வயல், குளக்கோட்டன் கட்டிய குளம் என்று ஊர் வழிவழியாகச் சொல்கிற அந்தத் தண்ணீர். உங்கள் இரண்டு ஏக்கரை நிரப்பினால் நட்டம் உங்களோடு நிற்காது. வீதியோரம் உயர்ந்தால் பின்வயல்காரனுக்கு மழைத்தண்ணீர் வடிய வழியில்லை, வாய்க்கால் அடைபடும், இரண்டு போகம் அழுகினால் அவனும் நிரப்பத்தான் போவான். வயல் இப்படித்தான் ஊரில் குறைகிறது, வீதிப்பக்கத்திலிருந்து உள்ளே உள்ளே. விற்றுத்தான் ஆக வேண்டும் என்றால் வயலாகவே பக்கத்து வயல்காரருக்கு விற்கப் பாருங்கள், விலை குறையும், மறைக்கவில்லை. இல்லையென்றால் குத்தகைக்குக் கொடுங்கள். பிள்ளைகள் வரமாட்டார்கள் என்று முடிவு கட்டவும் அவசரமில்லை.

கேள்வி (திருகோணமலை நகரம், மாணவி): மாடு வளர்ப்பதால்தான் உலகத்தில் காணி அழிகிறது, தாவர எண்ணெய்க்கு மாறினால் நிலம் மிஞ்சும் என்று படித்தேன். அப்படியானால் நெய்யை விடுவதுதானே நியாயம்?

பதில்: மகள், நீங்கள் படித்தது எந்த மாட்டைப் பற்றியது? சோளமும் சோயாவும் தின்று கொட்டிலில் நிற்கிற மாடு என்றால் அது மனிதச் சாப்பாடு விளையக்கூடிய நிலத்தைத் தின்கிறது, அந்தக் கணக்கு சரி. நம் பக்கத்துப் பட்டி மாடு தின்பது வேறு. அறுவடை முடிந்த வயலில் அரிதாள், குளம் வற்றும்போது அலைகரையில் முளைக்கிற புல், பற்றைக்காடு, வரம்புப் புல், வைக்கோல். இதில் ஒன்றிலாவது நெல்லோ தென்னையோ வைத்து எண்ணெயோ சோறோ எடுக்க முடியுமா? முடியாது. மனிதன் தின்ன முடியாததைக் கொழுப்பாக்கித் தருகிறது. பதிலுக்குச் சாணியை வயலில் போட்டுவிட்டுப் போகிறது.

தாவர எண்ணெய் பக்கமும் பாருங்கள். ஒரு ஹெக்டேயரில் பாமாயில் எடுக்கிற முள்தேங்காய் மூன்று தொன்னுக்கு மேல் எண்ணெய் தரும், தென்னை ஒரு தொன்னைத் தொடாது, சூரியகாந்தி முக்கால் தொன் அளவில், சோயா அரைத் தொன்கூட வராது. பாமாயில் காட்டை அழிக்கிறது என்று கோபித்துக்கொண்டு சோயாவுக்குப் போனால் ஆறேழு மடங்கு நிலம் வேண்டும். நம் நாட்டில் 2021 ஏப்ரலில் முள்தேங்காய்ச் செய்கையையும் பாமாயில் இறக்குமதியையும் தடை செய்தார்கள், பிறகு உரிமத்தோடு இறக்கலாம் என்று தளர்ந்தது. பேக்கரியும் பிஸ்கட் ஆலையும் ஓட வேண்டுமே. தென்னையை நம்பியிருக்கலாம் என்றால் தென்னங்காணியும் துண்டு துண்டாக வீட்டுக் காணியாகிக்கொண்டிருக்கிறது.

அதற்காக எல்லாரும் நெய்க்கு மாறுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை, கணக்கு இடிக்கும். மாதம் இரண்டு லீற்றர் எண்ணெய் பாவிக்கிற வீடு அதை நெய்யால் ஈடுசெய்ய 27 லீற்றர் எருமைப் பால் வேண்டும். கன்றுக்குப் போக நாளைக்கு இரண்டு லீற்றர் கறக்கிற நாட்டு எருமையின் அரை மாதப் பால் அது. எருமை வருடம் முழுக்கக் கறக்காது என்பதையும் சேர்த்தால் வீட்டுக்கு ஒரு எருமை வேண்டும். மாவட்டத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் வீடு, அத்தனை எருமைக்குப் புல் எங்கே? அதனால் நெய் நெய்யாகவே இருக்கட்டும், பொங்கலுக்கு, மோதகத்துக்கு, புரியாணிக்கு, பிள்ளையின் சோற்றுக்கு ஒரு கரண்டி. தாளிதத்துக்குத் தேங்காயெண்ணெய். புல்லால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு நெய் என்பதுதான் நியாயமான அளவு, அதற்கு மேலே போகும்போதுதான் மாடு வயலைத் தின்னத் தொடங்கும்.

கேள்வி (ஈச்சிலம்பற்று): நாங்கள் பரம்பரையாகப் பட்டி வைத்திருக்கிறோம். பெரும்போகம் தொடங்கினால் மாட்டை வெளியேற்று என்கிறார்கள், வெளியேற்றிக் கொண்டுபோகிற இடம் வருடத்துக்கு வருடம் குறைகிறது. வயலுக்குள் ஒரு மாடு இறங்கினால் பிடித்துக் கட்டித் தண்டம். நாங்கள் என்ன செய்ய?

பதில்: இந்த இதழில் எனக்கு முக்கியமான கடிதம் இதுதான். வயற்காரரையும் பட்டிக்காரரையும் எதிரி எதிரியாக வைத்துப் பேசுவது வசதியான பேச்சு, ஆனால் மாடு வயலுக்குள் இறங்குவது மேய்ச்சல் தரை போனதற்குப் பிறகுதான்.

வயலுக்கு, மேலே நான் சொன்ன சட்டம் இருக்கிறது, இடாப்பு இருக்கிறது, கமநல சேவை நிலையம் இருக்கிறது. மேய்ச்சல் தரைக்கு? பல இடங்களில் வழக்கம் மட்டும்தான் இருக்கிறது, காகிதம் இல்லை. அப்பாவும் தாத்தாவும் மேய்த்த இடம் என்பது வரைபடத்தில் 'அரச காணி', அதில் யாராவது சோளம் வைக்கலாம், வனம் என்று கல் நடலாம், திட்டத்துக்குக் கொடுக்கலாம். பக்கத்து மட்டக்களப்பில் மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் 2023இல் தொடர் போராட்டத்தில் இறங்கியது இதற்காகத்தான். தரை போனால் மாடு விற்கப்படும் அல்லது வயலுக்குள் வரும். மாடு விற்கப்பட்டால் கிண்ணியாத் தங்கச்சியின் தயிர்ச் சட்டி போகும், வைக்கோலைத் தின்ன ஆளில்லாமல் கொளுத்துவார்கள், எரு போகும். 2021இல் இரசாயன உரத்தைத் திடீரென்று நிறுத்தியபோது எரு எங்கே என்று எல்லாரும் தேடினார்கள், நினைவிருக்கிறதா? 50 கிலோ யூரியா மூடையில் 23 கிலோ நைதரசன். அதே அளவைச் சாணியில் எடுக்க ஈரச் சாணி நாலு தொன்னுக்கு மேல் வேண்டும். பட்டிகளைத் துரத்திவிட்டு நாலு தொன் சாணியை எந்தக் கடையில் வாங்குவது?

இப்போது செய்யக்கூடியது. போகம் தொடங்குமுன் விவசாயிகளும் அதிகாரிகளும் கூடித் திகதிகளைத் தீர்மானிக்கிற கன்னக் கூட்டத்துக்குத் தனியாகப் போகாமல் பண்ணையாளர் சங்கமாகப் போங்கள். மாட்டை அகற்றும் திகதியைத் தீர்மானிக்கிற அதே கூட்டக் குறிப்பில், மாட்டை எங்கே கொண்டுபோவது என்ற இடத்தின் பெயரையும் எல்லையையும் எழுதச் சொல்லுங்கள். திகதி மட்டும் எழுதி இடம் எழுதாத தீர்மானத்துக்குக் கை தூக்காதீர்கள். அந்தக் குறிப்புகளைச் சேர்த்துக்கொண்டு, மேய்ச்சல் தரையை வர்த்தமானியில் அறிவிக்கும்படி பிரதேச செயலகத்திலும் கால்நடை உற்பத்தித் திணைக்களத்திலும் எழுத்தில் கேளுங்கள். பதில் வருமா என்று கேட்பீர்கள். எழுத்தில் கேட்காவிட்டால் நிச்சயமாக வராது.

தரை குறைந்த காலத்துக்கு வைக்கோலைத் திருத்திக் கொடுக்கலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் பொலித்தீனால் மூடி பத்து நாள் வைத்தால் மாடு விரும்பித் தின்னும், சத்தும் கூடும். திறந்து கொஞ்ச நேரம் காற்றாட விட்டுத்தான் போட வேண்டும், இளங்கன்றுக்குக் கொடுக்கவே கூடாது, யூரியாவை அளவுக்கு மேல் போட்டால் மாடு செத்துவிடும். முதல் தடவை கால்நடை வைத்தியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

கேள்வி (சீனக்குடா): காணி, வயல் என்று இவ்வளவு எழுதுகிற நீங்கள் முத்துநகரைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை?

பதில்: திறக்கிறேன். 2025இல் முத்துநகர் விவசாயிகள், தாங்கள் செய்கை பண்ணிவந்த காணி சூரிய மின் திட்டங்களுக்குப் போவதை எதிர்த்துத் திருகோணமலையில் தொடர்ந்து போராடினார்கள். சூரிய மின்சாரம் வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை, திருகோணமலையில் இல்லாத வெயிலா. ஆனால் உழுத வயலில்தான் தகடு நட வேண்டுமா? களஞ்சியக் கூரை, பாடசாலைக் கூரை, வைத்தியசாலைக் கூரை எல்லாம் சும்மா காய்ந்துகொண்டிருக்கின்றன. காணி யாருடைய பெயரில் இருக்கிறது என்பது ஒரு கேள்வி, அதில் என்ன விளைகிறது என்பது வேறு கேள்வி, முதலாவதற்கு விடை கிடைத்துவிட்டால் இரண்டாவதைக் கேட்கவே வேண்டாம் என்று அதிகாரத்தில் இருப்பவர்கள் நினைப்பதுதான் எனக்கு ஆத்திரம். மகாவலிக் கரையில் மணல் அள்ளுகிறவர்கள் மேலும் எனக்கு இதே ஆத்திரம்தான், ஆற்றங்கரை இடிந்து வயல் ஆற்றோடு போனால் அதற்கு எந்த ஆணையாளர் நாயகம் அனுமதி கொடுத்தார்?

கேள்வி (திருகோணமலை நகரம்): என் அம்மம்மா பறங்கியர், கிறிஸ்மஸுக்குப் பன்றிக் கொழுப்பில் பேஸ்ட்ரி செய்வார். நான் மாஜரினில் செய்தால் அந்தப் பொரபொரப்பு வருவதில்லை. ஏன்?

பதில்: பன்றிக் கொழுப்பு மாவுக்குள் கரையாமல் படை படையாக நிற்கும், சூளையில் அது உருகும்போது மாவு இதழ் இதழாகப் பிரியும். மாஜரினில் தண்ணீர் இருக்கிறது, அதோடு நம்மூர்ச் சூட்டில் பிசையும்போதே இளகி மாவோடு கலந்துவிடும். இறைச்சிக்கடையில் குண்டிக்காய்ப் பக்கக் கொழுப்பாகக் கேட்டு வாங்குங்கள், மூதூர்த் தம்பிக்குச் சொன்ன அதே முறையில் உருக்கலாம், ஆனால் நெருப்பு இன்னும் மெல்லியதாக இருக்கட்டும், பழுப்பேறினால் இறைச்சி மணம் வந்துவிடும். குளிர வைத்த கொழுப்பு, குளிர்ந்த தண்ணீர், விரல் நுனியால் மட்டும் பிசைதல். பன்றிக் கொழுப்பு சேர்த்தது என்று தட்டில் வைக்கும்போதே விருந்தாளிகளுக்குச் சொல்லிவிடுங்கள், நம் ஊரில் ஒரே மேசையில் நாலு விதமான ஆட்கள் இருப்பார்கள். சேர்க்காத தட்டு ஒன்றுக்கு நெய் போட்டுச் செய்யுங்கள், கொஞ்சம் கடினமாக வரும், மணம் நன்றாக இருக்கும்.